உறக்கத்துக்குச் சொன்ன தவணை

2025 டிசம்பர் 5 அன்று இண்டிகோ நிறுவனம் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்துசெய்தது. நாட்டின் பெரிய விமான நிலையங்களில் உட்கார இடமில்லை. திருமணத்துக்குப் புறப்பட்டவர்களும் சிகிச்சைக்குப் புறப்பட்டவர்களும் பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்துக் கிடந்தார்கள். அவர்களுடைய கோபம் முழுக்க நியாயமானது. அந்தக் கோபத்தைத் தணிக்க டிஜிசிஏ என்னும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அன்றைக்கே எடுத்த முடிவு நியாயமானதல்ல. விமானிகளின் இரவுப் பணிக்கு வகுத்திருந்த புதிய வரம்புகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தது. வாராந்திர ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற விதியை எல்லா நிறுவனங்களுக்குமே திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்த விலக்கு ஓர் அறப்பிழை. சுற்றி வளைக்காமல் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு மனித உடல் விமானம் ஓட்டும் தகுதியோடு இருக்க எவ்வளவு ஓய்வு தேவை என்று மருத்துவம் சொன்னதை விதியாக எழுதிய அதே அலுவலகம், டிக்கெட்டுகள் விற்றாகிவிட்டன என்பதற்காக அந்த விதியைத் தள்ளிவைத்தது. இறக்கையில் விரிசல் இருக்கிறது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விமானியின் உறக்கத்துக்கு மட்டும் தவணை சொல்ல முடிந்தது.

விதிகள் ஒன்றும் திடீரென வந்து குதிக்கவில்லை. 2024 ஜனவரி 8 அன்றே அவற்றை டிஜிசிஏ வெளியிட்டது. வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரமானது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 5 வரை என்றிருந்தது 6 வரை நீண்டது. இரவுப் பணியில் ஆறு முறை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. அந்த ஆண்டு ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் அவகாசம் கேட்டன, கிடைத்தது. விமானிகளின் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாதாடிய பிறகுதான் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவர டிஜிசிஏ ஒப்புக்கொண்டது. முதல் அறிவிப்புக்கும் கடைசிக் கட்டத்துக்கும் இடையே 22 மாதங்கள். ஆளெடுக்கவும் பயிற்சி கொடுக்கவும் அது போதுமான காலம். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, விமானிகள் போதவில்லை என்று கடைசியில் கைவிரித்த நிர்வாகத்துக்கு அபராதம் மட்டும் போதாது. பயணிகளைப் பணயமாக நிறுத்தி விதியைத் தளர்த்த வைத்தது என்ற பழியையும் அது சுமந்தே தீர வேண்டும்.

அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே மனித உடல் தன்னை அணைத்துக்கொள்கிறது. உடல் வெப்பம் ஒரு நாளில் மிகத் தாழ்ந்திருப்பது அப்போதுதான். கவனம் நழுவும். கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் உறங்கிவிடும். உறங்கியது உறங்கியவருக்கே தெரியாது. மனவுறுதியாலோ காபியாலோ இதை வெல்ல முடியாது. பகலில் படுத்து ஈடுகட்டலாம் என்பவர்கள் இரவுப் பணி பார்க்கும் செவிலியரிடமோ ரயில் ஓட்டுநரிடமோ கேட்டுப் பார்க்கட்டும். வெயில் ஏறிய பிறகு படுத்தால், எவ்வளவு அசதியாக இருந்தாலும் உடலின் கடிகாரம் நாலைந்து மணி நேரத்தில் எழுப்பிவிட்டுவிடும். ரோஸ்டரில் ‘ஓய்வு, 12 மணி நேரம்’ என்று அச்சாகியிருப்பதும் உடல் உறங்கிய நேரமும் இரு வேறு கணக்குகள்.

இந்த நாடு இதைப் படிக்கக் கொடுத்த விலை மங்களூரில் இருக்கிறது. 2010 மே 22, காலை ஆறு மணி கடந்து சில நிமிடங்கள். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. அதிலிருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். ஏர் மார்ஷல் பி.என். கோகலே தலைமையிலான விசாரணைக் குழு விமானியறையின் குரல் பதிவைக் கேட்டது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பதிவு. முதல் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் கேப்டனின் பேச்சே இல்லை. குறட்டையும் ஆழ்ந்த மூச்சும்தான் கேட்டன. தரையிறங்கும் கட்டத்தில் விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் இருந்தது. இறங்க வேண்டாம், மேலெழுந்து சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். கருவியும் எச்சரித்தபடி இருந்தது. கேப்டன் இறக்கினார். 8,033 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி கடந்த பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன.

அவர் கற்றுக்குட்டி அல்ல, பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்த மூளை சிறிது நேரம் மந்தமாகவே இருக்கும், அரை மணிகூட ஆகலாம் தெளிய. இரவுப் பேருந்தில் விடியற்காலையில் நடத்துநர் தட்டி எழுப்ப, எந்த ஊர் என்று புரியாமல் பையைத் தேடி விழித்த அனுபவம் நமக்கெல்லாம் உண்டு. அந்த நிலையில் ஒருவர் மலை முகட்டை வெட்டி அமைத்த ஓடுபாதையில் விமானத்தை இறக்கினார். நீண்ட உறக்கமும் அதன் பின்னான மந்தமும் அவருடைய தீர்மானத்தைப் பாதித்ததாக விசாரணை அறிக்கை எழுதியது. அந்த அறிக்கை பதினைந்து ஆண்டுகளாக டிஜிசிஏயின் அலமாரியில் இருக்கிறது. விலக்கு உத்தரவில் கையெழுத்திட்டவர்கள் அதைத் தெரியாதவர்கள் அல்லர். அதனால்தான் இதை அறியாமை என்று மன்னிக்க முடியவில்லை.

இன்னொரு பக்கம், இதே டிஜிசிஏ மதுவின் விஷயத்தில் எவ்வளவு கறாராக இருக்கிறது என்று பாருங்கள். பணிக்கு வரும் விமானி கருவியில் ஊதிக்காட்ட வேண்டும். துளி மதுவும் தென்படக் கூடாது. முதல் முறை பிடிபட்டால் மூன்று மாதம் உரிமம் நிறுத்தம், இரண்டாம் முறை மூன்று ஆண்டு, மூன்றாம் முறை ரத்து. இந்தக் கண்டிப்பை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் 1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு வேறொன்றையும் சொன்னது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குத் தடுமாறுகிறது. 24 மணி நேரமானால் அது 0.10 சதவீதத்துக்கு நிகர். நம் மோட்டார் வாகனச் சட்டம் கார் ஓட்டுநருக்கு வைத்திருக்கும் வரம்பே 0.03 சதவீதம்தான். குடித்தவரை வாசலிலேயே தடுத்து நிறுத்தும் அரசு, உறங்காதவரைக் கையைப் பிடித்து விமானியறைக்குள் அனுப்பிவைப்பதை எந்த நீதியின் கீழ் ஏற்பது?

களைப்பைக் கண்டுபிடிக்க ஊதுகருவி கிடையாது. 2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவில் நடந்ததைக் கேளுங்கள். கெண்டாரியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்துகொண்டிருந்த பாத்திக் ஏர் விமானத்தில் கேப்டன், துணை விமானி இருவருமே 28 நிமிடம் உறங்கிவிட்டார்கள். தரைக் கட்டுப்பாட்டு நிலையம் கூப்பிட்டபடி இருந்தது, பதில் இல்லை. விமானம் பாதை விலகியது. கேப்டன் விழித்துப் பார்த்தபோது பக்கத்தில் துணை விமானியும் உறங்கிக்கொண்டிருந்தார். நல்லவேளையாக எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் துணை விமானிக்கு ஒரு மாத இரட்டைக் குழந்தைகள். இரவெல்லாம் மனைவியோடு சேர்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். வீடு வேறு மாறியிருந்தார்கள். பறக்கும் முன் நடந்த பரிசோதனையில் இருவருடைய ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சரியாக இருந்தன, மதுவும் இல்லை. தாளில் இருவரும் முழுத் தகுதியோடு இருந்தார்கள். தன் களைப்பை விமானி தானே வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் இந்த விவகாரத்தின் மையம். அதற்கு முன், இந்தத் தொழில் உடலை மெல்ல மெல்ல என்ன செய்கிறது என்றும் சொல்லிவிட வேண்டும். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். அதாவது வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும், ஒரே நாளில் நாலைந்து முறைகூட, உதகை உயரத்துக்கு ஏறி இறங்குகிறது அந்த உடல். காற்றில் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடும். எழுந்து போவது தொல்லை என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. முதுகு, காது, கண் ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தேயும். மேலே போகப் போக விண்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சு கூடுகிறது. விமானி ஒருவர் ஆண்டுக்கு 2 முதல் 5 மில்லிசீவர்ட் வரை வாங்குகிறார். பொதுமக்களுக்குச் செயற்கை மூலங்களிலிருந்து சேரலாம் என்று சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு 1 மில்லிசீவர்ட். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் விமானிகளுக்கு மற்றவர்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வருவதாக, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கண்டது. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியையே புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானப் பணியாளர்களின் கதிர்வீச்சு அளவைக் கணக்கிட்டு வைப்பது நிறுவனங்களின் சட்டக் கடமை. பெண் விமானிகளின் விகிதத்தில் உலகில் முன்வரிசையில் நிற்பதாக நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். கருவுற்ற ஒரு விமானி தன் உடல் இதுவரை வாங்கிய அளவு என்ன என்று கேட்டால் அடுத்த நிமிடம் எண்ணோடு பதில் வர வேண்டும். பெருமை பேசுகிறவர்களுக்கு இந்தப் பொறுப்பும் உண்டு.

சரி, ஒரு விமானி நோயைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘மெடிக்கல்’ என்று அவர்கள் சுருக்கமாகச் சொல்லும் முதல் வகை மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் எவரும் பயணிகள் விமானத்தைத் தொட முடியாது. ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு என்று எதையாவது சொன்ன மறுகணம் ‘தற்காலிகத் தகுதியின்மை’ முத்திரை விழலாம். பறந்த மணிக்கணக்கில் வரும் படி நின்றுபோகும். பயிற்சிக்கு வாங்கிய வங்கிக் கடன் நிற்காது. எனவே பலர் சொல்வதில்லை. 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பதிலளித்த விமானிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் போய்விடும் என்ற அச்சத்தில் மருத்துவத்தைத் தவிர்த்ததோ மறைத்ததோ உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள்.

மறைத்ததன் விளைவு கோழிக்கோட்டில் தெரிந்தது. 2020 ஆகஸ்ட் 7, பெருந்தொற்றுக் காலம். துபாயிலிருந்து 190 பேரோடு வந்த விமானம் கொட்டும் மழையில் ஓடுபாதையைத் தாண்டி உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். கேப்டன் சர்க்கரை நோய்க்கு மருத்துவர் எழுதித் தராத மாத்திரைகள் பலவற்றை எடுத்துவந்தார் என்றும், ரத்தச் சர்க்கரை லேசாகக் குறைந்து அவருடைய முடிவெடுக்கும் திறனைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் 2021இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது, பலர் கவனிக்காத வரி. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து புறப்படும் விமானமும் அதே கேப்டனின் பொறுப்பு. அங்கே போதுமான கேப்டன்கள் இல்லை. வேறு ஊருக்குத் திரும்பிப் போகாமல் எப்படியாவது அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதலுக்கு அது ஒரு காரணம். ஆட்பற்றாக்குறைக்குக் காரணம் நிறுவனத்தின் தவறான பணியாளர் கொள்கை.

மாத்திரையை மறைத்தது அந்தக் கேப்டனின் தவறு. இறந்துபோனவர் என்பதால் அதைச் சொல்லாமல் விட முடியாது. அவரை நம்பி ஏறியவர்களும் இறந்திருக்கிறார்கள். தன் உடலைப் பற்றிப் பொய் சொல்லும் விமானி, பின்னால் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் பொய் சொல்கிறார். ஆனால் உண்மைக்கு அபராதமும் பொய்க்குச் சம்பளமும் கொடுக்கும் ஏற்பாட்டை உருவாக்கி வைத்திருப்பவர்களின் குற்றம் அதைவிடப் பெரியது. அவர்கள் எவர் பெயரும் எந்த விபத்து அறிக்கையிலும் இறந்தவர் பட்டியலில் வராது.

மனநோயில் இந்த அச்சம் இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, கேப்டனை வெளியே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை மோதினார். 150 பேர் மாண்டார்கள். அவர் வேலைக்குத் தகுதியாக இல்லை என்று மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த சான்றுகள் அவரிடமே இருந்தன. நிறுவனத்துக்குத் தெரியாது. அந்தக் கொடுமைக்கு எந்த மன்னிப்பும் இல்லை. ஆனால் அதிலிருந்து உலகம் கற்க வேண்டிய பாடத்தை நாம் தலைகீழாகப் படித்துவிடக் கூடாது. மனச்சோர்வு உள்ளவர்களையெல்லாம் வேட்டையாடி வெளியேற்றினால் அடுத்தவர் இன்னும் ஆழமாக ஒளித்துக்கொள்வார். அமெரிக்கா 2010இலேயே மனச்சோர்வுக்கான நான்கு மருந்துகளை எடுத்துக்கொண்டே, கண்காணிப்போடு பறக்கலாம் என்று அனுமதித்தது. சிகிச்சையில் இருக்கும் விமானியோடு பறப்பது, சிகிச்சைக்கு அஞ்சும் விமானியோடு பறப்பதைவிட எவ்வளவோ மேல்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து எரிந்த சில நாட்களில், ஜூன் 16 அன்று மட்டும், ஏர் இந்தியாவின் 112 விமானிகள் உடல்நலக்குறைவு என்று விடுப்புச் சொன்னதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதைச் சிலர் ஒழுங்கீனம் என்றார்கள். உடன் வேலை செய்தவர்கள் கருகிப்போனதைப் பார்த்துவிட்டு, இன்று என்னால் முடியாது என்று சொன்ன ஒருவர் தன் தொழிலுக்குச் செய்யும் மிகப் பெரிய மரியாதை அது. அன்று அப்படிச் சொன்ன ஒவ்வொருவருக்கும் நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

இப்படியெல்லாம் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றால் மக்கள் தவிக்கத்தானே செய்வார்கள், கட்டணம் உயரத்தானே செய்யும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நேர்மையானது, பதிலும் இருக்கிறது. டிசம்பர் குழப்பத்தில் விலக்கு கொடுத்த சில நாட்களுக்குப் பிறகு அரசு இண்டிகோவின் அட்டவணையில் பத்து சதவீதத்தைக் குறைக்க உத்தரவிட்டது. ஆக, அப்படி ஒரு வழி இருந்தது. இருக்கிற விமானிகளுக்கு ஏற்ற விமானங்களை மட்டும் இயக்கு, மற்ற டிக்கெட்டுகளை விற்காதே, விற்றதற்குப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று நவம்பரிலேயே சொல்லியிருந்தால் எவரும் விமான நிலையத் தரையில் படுத்திருக்க வேண்டாம், விதியையும் தொட்டிருக்க வேண்டாம். முதலில் விமானியின் உடலில் கைவைத்துவிட்டு அட்டவணையை இரண்டாவதாக நினைத்த அந்த வரிசையைத்தான் நாம் குற்றம் சொல்கிறோம். கட்டணம் சிறிது உயரத்தான் செய்யும். ஒருவரின் உறக்கத்திலிருந்து பிடுங்கிய காசில் நமக்குத் தள்ளுபடி வேண்டாம் என்று பயணிகளும் சொல்லப் பழக வேண்டும்.

டிஜிசிஏ உடனே செய்யக்கூடியவை உண்டு. இரவுப் பணி வரம்பில் இனி எந்த நிறுவனத்துக்கும் விலக்கு இல்லை என்று எழுத்தில் அறிவிக்கலாம். களைப்பு குறித்து விமானிகள் கொடுக்கும் புகார்கள் எத்தனை, எத்தனை ஏற்கப்பட்டன என்பதைப் புதிய விதியின்படி நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தர வேண்டும். அந்த எண்களை நிறுவனத்தின் பெயரோடு மக்கள் முன் வைக்கலாம். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளையும் களைப்பையும் நாசாவிடம் ரகசியமாகத் தெரிவிக்கிறார்கள். தண்டிக்கும் அதிகாரம் கொண்ட அமைப்பின் கையில் அந்தப் பெயர்கள் போவதில்லை. இங்கேயும் புகாரைப் பெறுபவர் வேறு, தண்டிப்பவர் வேறு என்று ஆக்க வேண்டும். சிகிச்சைக்காகத் தரையில் நிற்கும் விமானிக்கு அந்த மாதங்களில் முழு ஊதியம் தர நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். மற்ற சீர்திருத்தங்களையெல்லாம்விட உண்மையைப் பேச வைப்பது இதுவாகத்தான் இருக்கும்.

வரும் குளிர்காலத்திலும் வட இந்தியாவில் மூடுபனி இறங்கும். முகூர்த்த நாட்கள் வரும், டிக்கெட்டுகள் விற்றிருக்கும். ஏதோ ஒரு நிறுவனம் விமானிகள் போதவில்லை என்று டிஜிசிஏயின் கதவைத் தட்டும். அப்போது மேசையில் அட்டவணையும் இருக்கும், விதியும் இருக்கும். பேனா எதன் மீது இறங்குகிறது என்று பார்க்க இந்த முறை நாங்களும் காத்திருப்போம்.